வாசலோடு நின்ற சாப்பாடு

லண்டன் மனோர் பார்க்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது என்னிடம் ஒரு பையும் யாரோ எழுதித் தந்த விலாசமும் மட்டும் இருந்தன. கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, காலில் ஓட்டக்காரர்கள் போடும் சப்பாத்து. அவர் என் பெயரையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. குசினிக் கதிரையில் இருத்தி, புட்டும் முட்டைப் பொரியலும் வைத்து, முதல் வாயை நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"மறியலிலை இருந்தனீரோ?" என்று பிறகு கேட்டார்.

"ஓம் அன்ரி. கொழும்பு ஜெயிலிலை ஒருக்கா. வாற வழியிலை ஜேர்மன் போடரிலை ஒருக்கா."

"கொழும்பிலை என்ன சாப்பாடு தந்தவங்கள்?"

கொழும்பில் பொலிஸ்காரர் என்னைத் தலைகீழாகக் கட்டியதைச் சொல்லத் தொடங்கினேன். புதிதாகச் சந்திக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். எனக்கும் சொல்லிச் சொல்லி அது பாடமாகியிருந்தது.

"அதை விடும். சாப்பாட்டைச் சொல்லும்."

"பாணும் பருப்பும்."

"பருப்பு கட்டியோ, தண்ணியோ?"

"தண்ணி."

"உப்பு இருந்ததோ?"

யோசித்துப் பார்த்தேன். இருந்தது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார். ஜேர்மனியில் என்ன தந்தார்கள், பாண் கறுப்போ வெள்ளையோ, யார் கொண்டுவந்து தந்தது, வைத்துவிட்டுப் போனார்களா அல்லது தின்னும்வரை நின்றார்களா, எல்லாம் கேட்டார். கடைசியில் அறையைக் காட்டினார். ஒரு கட்டிலும், கட்டிலைச் சுற்றி ஒருவர் பக்கவாட்டில் நடக்கக்கூடிய இடமும் இருந்தன.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதுவதை அவர் விரும்பமாட்டார். வீட்டில் இருந்த நாங்கள் எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். வீடு அவருடைய மருமகனுடையது. மகளும் மருமகனும் நோர்பரியில் இருந்தார்கள். அன்ரி இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு, புதிதாக வருகிற பொடியன்களுக்கு அறைகளை வாடகைக்குக் கொடுத்தார். பகலில் சான்ட்விச் செய்கிற தொழிற்சாலையில் வேலை. தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பாணுக்குள் வெள்ளரிக்காய் வைப்பார். "ஈரப் பாணை மனிசர் எப்பிடித் தின்னுறதோ தெரியேல்லை" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்து, எங்களுக்குக் குத்தரிசிச் சோறு வடிப்பார்.

என் அறைக்கு மேல் அறையில் ஒரு மன்னார்க்காரர் இருந்தார். கத்தோலிக்கர். ஊரில் ஆமி காம்பில் பல மாதம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு ஞாயிறு பூசைக்குப் போய் வந்தவர், தன் முதுகை அன்ரிக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். குசினியில் நின்றபடி சேட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"அதை விடும் தம்பி. சேட்டைப் போடும், குளிருது. குளிக்கத் தண்ணி தந்தவங்களோ?"

"கிழமைக்கு ஒருக்கா."

"சவுக்காரம்?"

"என்ன அன்ரி இது. நான் அடி வாங்கின கதை சொல்லுறன், நீங்கள் சவுக்காரம் கேக்கிறியள்."

"அடிச்சிருப்பாங்கள் எண்டு எனக்குத் தெரியும். சவுக்காரம் தந்தவங்களோ எண்டதுதான் தெரியாது."

மன்னார்க்காரர் பிறகு அவரோடு அதிகம் பேசவில்லை. அந்த மனிசிக்கு நெஞ்சு கல்லு என்று என்னிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் வேறு அறை பார்த்துக்கொண்டு போனார். போகிறபோது அன்ரி அவருக்கு ஒரு பெரிய போத்தல் நிறைய மாங்காய் ஊறுகாய் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

காரணத்தை எனக்குச் சொன்னது மகள். சனிக்கிழமைகளில் தாயைப் பார்க்க வருவார். ஒருநாள் அவரை பஸ் தரிப்புவரை கொண்டுபோய் விடச்சொல்லி அன்ரி என்னை அனுப்பினார்.

"அம்மா உங்களிட்டையும் சாப்பாட்டுக் கதை கேட்டவவோ?"

"ஓம்."

"கோவிக்காதையுங்கோ அண்ணை. எங்கடை அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவை. அண்டையிலை இருந்து ஆரைக் கண்டாலும் உதுதான் கேள்வி."

பிடித்துக்கொண்டு போனது எங்கள் பொடியன்கள்தான், ஆயுதம் தூக்கிய ஒரு தமிழ் இயக்கம். எது என்று இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்தில் பல இருந்தன, பிடித்துக்கொண்டு போகாதது ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியாது. இன்னொரு இயக்கத்துக்காரனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினான் என்பது அண்ணன் செய்த குற்றம். சந்தியில் நின்றவனை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

தாய்க்கும் மகளுக்கும் சனிக்கிழமைகளில் நடந்த சண்டை அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. இறந்தவருக்கு வருடாவருடம் திவசம் செய்ய வேண்டும். அதற்கு இறந்த நாளின் திதி தெரிய வேண்டும். திதி தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னதாக மகள் சொல்வார்.

"உயிரோடை இருக்கிறவனுக்கு எள்ளுத்தண்ணி இறைக்கச் சொல்லுறியோ?"

"அம்மா, இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு..."

"செத்தவன் எண்டு ஆர் உனக்குச் சொன்னது? நாள் சொல்லு, செய்யிறன்."

மகளிடம் நாள் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நோர்பரிக்குப் போய்விடுவார்.

அரிசி, தேங்காய் வாங்க அன்ரி போகிற கடை நடந்து போகிற தூரத்தில் இருந்தது. மூட்டை தூக்க நானும் போவேன். கல்லாவில் நின்ற எங்கள் பொடியனுக்கு முப்பதுக்குள் இருக்கும், முன்தலை வெளிக்கத் தொடங்கியிருந்தது. அன்ரி வந்தால் அவன் நிமிர்ந்து பார்க்கமாட்டான். ஆனால் பையில் எப்போதும் காசு எடுக்காமல் ஒரு பிடி கறிவேப்பிலை போடுவான். லண்டனில் அன்றைக்குக் கறிவேப்பிலை விலை கூடிய பொருள். அன்ரி வீட்டுக்கு வந்ததும் அதைச் சன்னல் விளிம்பில் வைப்பார். அது அங்கேயே காய்ந்து சருகாகும். சமைக்க வேறு கட்டு வாங்குவார்.

"ஓசியிலை வாறதை ஏன் அன்ரி காயவிடுறியள்?"

"அது காயட்டும்."

அவருக்கு ஓசி பிடிக்காது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் நான் பாடிங்டன் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கினேன். தங்கிப் போகிறவர்கள் புத்தகங்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷ் கொஞ்சம் முன்பு வேலை செய்த கப்பல் குசினியில் வந்தது, மிச்சம் இப்படி மற்றவர்கள் விட்டுப்போன புத்தகங்களில் வந்தது. விளங்காத சொல்லுக்கு அகராதி, அகராதியிலும் விளங்காவிட்டால் அடுத்த வரி. ஒருநாள் கட்டிலுக்குக் கீழே கிடந்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் போட்டேன். அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கண்களில் ஒன்றும் இல்லாத முகம்.

"ஆர் இது?"

பின்னட்டையைப் பார்த்துச் சொன்னேன். "ஒரு நேர்ஸ். எங்கையோ மலைநாட்டு ஆஸ்பத்திரியிலை வேலை செய்யப் போனவ. கடத்திக்கொண்டு போய் வருஷக்கணக்கிலை வைச்சிருந்தவையாம். வெளியிலை வந்து எழுதியிருக்கிறா."

அன்ரி கையைத் துடைத்துவிட்டு அந்த முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"வந்தபடியாத்தானே எழுதினவ. வராத ஆக்கள் எங்கை எழுதுறது." புத்தகத்தை என் முன்னால் வைத்தார். "வாசியும். தமிழிலை சொல்லும்."

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவர் கிழமைக்குத் தேவையான வெங்காயம் உரிப்பார், நான் ஒரு பந்தியை மனதுக்குள் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்வேன். கடினமான புத்தகம். சொற்கள் கடினமில்லை. ஒன்றும் நடப்பதில்லை, அதுதான் கடினம். மண்சுவர் அறை, செங்கல்லால் அடைத்த சன்னல். நேர்ஸ் சுவரைக் கையால் அளக்கிறார். அடுத்த பக்கத்திலும் அளக்கிறார். காலையில் கஞ்சி, பின்னேரம் ரொட்டி. ஒரு இலையான், வெறும் ஈ, செத்துப்போனதற்கு இரண்டு பக்கம்.

"கொஞ்சம் தாண்டட்டோ அன்ரி? ஒண்டும் நடக்கேல்லை."

"அவவுக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே. அவ தாண்டினவவோ? வாசியும்."

அடி வருகிற இடங்களில் மட்டும் அவரே "அதை விடும்" என்பார். நான் விட்டுவிடுவேன். கஞ்சி வருகிற இடத்தில் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கேட்பார். என்ன மாவு, பால் விட்டதோ, கோப்பை சுடுமோ ஆறியிருந்ததோ. நேர்ஸ் அதையெல்லாம் எழுதியிருந்தார். அதனால் அன்ரிக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. நேர்ஸ் ஒருமுறை கோபத்தில் சாப்பிடமாட்டேன் என்று கோப்பையைத் திருப்பி அனுப்பியபோது, அன்ரி அந்தக் கிழமை முழுவதும் அவரைத் திட்டினார். "விசரி. சாப்பிட்டுப்போட்டுக் கோவிக்கலாந்தானே." வேலைத்தளத்திலும் சொல்லியிருக்கிறார். அவரோடு வேலை செய்கிற குஜராத்திப் பெண் ஒருவர் தெருவில் என்னைக் கண்டு, உங்கள் சொந்தக்கார நேர்ஸுக்கு இப்போது எப்படி என்று அக்கறையாக விசாரித்தார்.

நேர்ஸுக்குக் காவல் நின்றவர்களில் ஒருவன் பொடியன். மீசை அரும்பாதவன். கோப்பையைக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தைத் தருவான். வாயைச் சட்டைக் கையில் துடைப்பான். அவனை வெறுத்ததாகவும், அவன் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்ததாகவும் நேர்ஸ் எழுதியிருந்தார். இந்தப் பகுதியைச் சொன்னபோது அன்ரி உரித்த வெங்காயத்தையே திருப்பித் திருப்பி உரித்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் முடியச் சில பக்கங்கள் இருந்தபோது நேர்ஸை விட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய தமையன் பக்கத்தில் இருந்து பேசுகிறார். நடுவில் நின்ற ஒரு ஆள் மூலம் மாதாமாதம் பார்சல் அனுப்பினேனே, கிடைத்ததா என்று கேட்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன அனுப்பினாய் என்று நேர்ஸ் கேட்கிறார். கம்பளிக் காலுறை, சொக்லேட், தகரத்தில் அடைத்த மீன், தாயார் செய்த பழக்கேக். தமையன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தனக்கு அழுகை வரவில்லை, பசித்தது என்று நேர்ஸ் எழுதியிருந்தார்.

அன்ரியின் கையில் வெங்காயக் கத்தி நின்றது.

"திருப்பி வாசியும்."

திருப்பிச் சொன்னேன். அன்ரி எழுந்து கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். பிறகு வந்து இருந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நானும் கொண்டுபோனனான், தம்பி. அந்த இயக்கக் காம்ப் வாசலுக்கு. கிழமைக்கு ரெண்டு தரம், சில நேரம் மூண்டு தரம். சைக்கிளிலையும் போனனான், நடந்தும் போனனான். உள்ளுக்கை விடமாட்டாங்கள். வாசலிலை ஒரு பொடியன் வாங்குவான். 'குடுப்பம் அம்மா' எண்டு சொல்லுவான். முதல் கொண்டுவந்த தூக்குச்சட்டியைக் கழுவித் திருப்பித் தருவான். வடிவாக் கழுவியிருப்பான். இருக்கிறானோ எண்டு கேட்டா ஒண்டும் சொல்லமாட்டான். கழுவின சட்டியைப் பாத்து, இருக்கிறான், தின்னுறான் எண்டு நினைச்சு வீட்டை வருவன். மார்கழியிலை வேற ஒருத்தன் நிண்டான். 'இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை, இனி வராதையுங்கோ' எண்டான். அவ்வளவுதான்."

"வாங்கின பொடியன்?"

"அவன்தான் கறிவேப்பிலை போடுறவன்."

மாதக்கணக்காக அந்தக் கடைக்குப் போய் வந்திருக்கிறோம். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

"கேக்கலாமே அன்ரி. இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா அவன் சொல்லிப்போடுவான்," என்றார். "சொல்லாத வரைக்கும் என்ரை பிள்ளை என்ரை சாப்பாட்டைத் தின்னுறான்."

அதற்குமேல் வாசிக்க வேண்டாம் என்று கையால் காட்டினார். புத்தகத்தை மூடி வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம், லீவில் படுத்திருந்த என்னை எழுப்பி, அரிசி முடிந்துவிட்டது, வாரும் என்றார். அரிசி இருந்தது. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். கடையில் வேறு ஆட்கள் இல்லை. அன்ரி வழக்கம்போல ஒரு மூட்டை அரிசி, நாலைந்து தேங்காய், புளி எல்லாம் எடுத்தார். நான் மூட்டையைத் தோளில் ஏற்றினேன். பொடியன் கணக்குப் பார்த்துப் பையில் கறிவேப்பிலையைப் போட்டான்.

"தம்பி, வாசலிலை நிண்டது நீர்தானே?"

அவன் கை பையிலேயே இருந்தது. பொய் சொல்லுவான் என்று நினைத்தேன். அவன் பொய் சொல்லவில்லை.

"ஓம் அம்மா."

"சாப்பாடு உள்ளுக்குப் போனதோ?"

"போனது. முதல் கொண்டுவந்ததெல்லாம் போனது. நானே கொண்டுபோய்க் குடுத்திருக்கிறன்."

"திண்டவனோ?"

"ஓம். கத்தரிக்காய் மட்டும் ஒதுக்கி வைப்பார்."

"ஓம், அவன் கத்தரிக்காய் தின்னமாட்டான்," என்றார் அன்ரி. அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. நான் அதைப் பார்த்தேன். "அது பக்கத்திலை இருக்கிற மற்றப் பிள்ளையளுக்கு எண்டு நான் போடுறது. பிறகு?"

அவன் கல்லாவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆடிப்பிறப்புக்குக் கூழ் கொண்டுவந்தனீங்கள். அண்டைக்கு அவர் இல்லை. முதல் நாள் பின்னேரம் ஜீப்பிலை ஏத்திக்கொண்டு போனவை. அப்பிடிக் கொண்டுபோற ஆக்கள்..."

அன்ரி அவனை முடிக்க விடவில்லை.

"கூழை நீர் வாங்கினீர்."

"வாங்கினனான்."

"சட்டியைக் கழுவித் தந்தனீர்."

"ஓம்."

"அதுக்குப் பிறகும் மார்கழி வரைக்கும் நான் வந்தனான். அதெல்லாம் ஆர் திண்டது?"

"நாங்கள்தான் அம்மா. எங்களுக்கும் சாப்பாடு காணாது. எனக்கு அப்ப பதினாறு வயசு."

ஒரு கறுப்பின மனிதர் உள்ளே வந்து பால் வாங்கினார். பொடியன் காசை வாங்கி மிச்சம் கொடுத்தான், நன்றி சொன்னான். நாங்கள் ஒதுங்கி நின்றோம். எனக்குத் தோள் நோகத் தொடங்கியிருந்தது, ஆனால் மூட்டையை இறக்கத் தோன்றவில்லை. அந்த ஆள் போனதும் பொடியன் கேட்காமலே பேசினான்.

"அவர் உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவர் அம்மா. நீங்கள் வாற ஒவ்வொரு முறையும் சொல்லுவார். 'வழியிலை ஷெல் அடிக்கிறாங்கள், அம்மாவை இனி வரவேண்டாம் எண்டு சொல்லும்' எண்டு. நாங்கள் சொல்லேல்லை."

"ஏன்?"

"சொன்னா நீங்கள் வரமாட்டியள்."

அன்ரி பைக்குள் கையை விட்டுக் கறிவேப்பிலையை எடுத்துக் கல்லாவின்மேல் வைத்தார். வாங்கிய சாமானுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். வீடு வரும்வரை அவர் பேசியது ஒரேயொரு வசனம்தான். "நான் வந்து போறது பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு."

அவருக்கு இனி ஐயரிடம் சொல்ல ஒரு நாள் இருந்தது. ஆடி பிறந்ததற்கு முதல் நாள். வருஷம் அவருக்குத் தெரியும். ஐயர் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துத் திதியைச் சொன்னார். மகளுக்கு அன்ரி தொலைபேசியில் சொன்னபோது நானும் குசினியில் இருந்தேன். மகள் அங்கே அழுதது எனக்கே கேட்டது. இத்தனை சனிக்கிழமையும் திவசம் செய்யச் சொல்லிச் சண்டை பிடித்தவர் அவர்தான். திதி வந்ததும் அவரால் தாங்க முடியவில்லை. "அம்மா, அந்தக் கூழ் நானும் சேர்ந்து கிண்டினது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். தாய்தான் மகளைத் தேற்றினார்.

அந்த வருஷம் திவசம் நடந்தது. மருமகன் தர்ப்பை போட்டு இருந்து செய்தார். அன்ரி விடியத் தொடக்கம் சமைத்தார். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு அவர் சட்டிகளைக் கழுவ, நான் துடைத்து அடுக்கினேன்.

"தம்பி, அந்தப் பொடியன் என்ரை பிள்ளை சொன்னதைச் சொல்லியிருந்தா, நான் போகாமல் விட்டிருப்பனெண்டு நினைக்கிறீரோ?"

"இல்லை அன்ரி."

"போயிருப்பன். ஷெல் விழுந்தாலும் போயிருப்பன். பின்னை அந்தப் பொடியனை நோகிறதுக்கு என்ன கிடக்கு? பசி. அவனும் சின்னப் பொடியன்." ஒரு சட்டியை என்னிடம் தந்தார். நான் துடைத்தேன். அடுத்ததைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஆனா சொல்லியிருக்கலாம். சோத்தைத் திண்டது பரவாயில்லை. அது நான் சமைச்சது, இன்னும் சமைப்பன். என்ரை பிள்ளை சொன்ன சொல்லு எனக்கு வர வேண்டியது."

புத்தகத்தில் சில பக்கங்கள் மிச்சம் இருந்தன. வாசிக்கட்டோ என்று ஒரு ஞாயிறு கேட்டேன். வேண்டாம், எனக்கு அவ்வளவும் காணும் என்றார். நான் தனியாக வாசித்தேன். காவல் நின்ற பொடியன்மேல் தனக்கு இப்போது வெறுப்பில்லை என்று நேர்ஸ் ஓரிடத்தில் எழுதியிருந்தார். இரண்டு பக்கம் தள்ளி, அவனைத் தெருவில் கண்டால் என்ன செய்வேன் என்று தெரியாது என்றும் எழுதியிருந்தார். எது சரி என்று சொல்லாமலே புத்தகம் முடிந்துவிட்டது. பக்கம் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதை ஹோட்டலுக்குக் கொண்டுபோய், வரவேற்பறையில் பழைய புத்தகங்களோடு வைத்தேன். அன்ரியிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அரிசிக்கும் தேங்காய்க்கும் அவர் பிறகு ஈஸ்ட் ஹாமுக்குப் போகத் தொடங்கினார். வேலை முடிந்து களைத்து வந்து, மறுபடி பஸ் ஏறிப் போவார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். சில மாதத்தில் எனக்கு ஹோட்டல் வேலை அலுத்துவிட்டது. ரொட்டர்டாமில் ஒருவன் வேலை இருக்கிறது என்றான், போனேன். அங்கேயிருந்து வேறு இடங்கள். ஒரு இடத்தில் இரண்டு வருஷம் இருந்தால் எனக்குக் கால் சொறியும். அவரை விட்டுப் போனதற்காக அப்போது நான் வருந்தவில்லை. மூட்டையை இனி யார் தூக்குவது என்றுகூட யோசிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு அலுவலாக லண்டனுக்கு வந்தேன். மனோர் பார்க்கில் அந்தக் கடைக்கு முன்னால் போனபோது பெயர்ப்பலகை மாறியிருந்தது. உள்ளே போய் விசாரித்தேன். பொடியன் கடையை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போய்ப் பல வருஷமாம். கல்லாவில் பஞ்சாபிக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல கறிவேப்பிலையும் குத்தரிசியும் இருந்தன.

அன்ரியை வீட்டில் காணவில்லை. ஈஸ்ட் ஹாமுக்குச் சாமான் வாங்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள், அங்கே பஸ் தரிப்பில் கண்டேன். அதே கம்பளிச் சட்டை. தலை முழுக்க நரைத்துவிட்டது. காலடியில் இரண்டு பை, ஒன்றில் அரிசி. தூக்கிக்கொண்டு வந்த களைப்பில் மூச்சு வாங்கினார். என்னை உடனே அடையாளம் கண்டு, மெலிந்துவிட்டேன் என்றார். நான் பைகளை எடுத்துக்கொண்டேன்.

"அன்ரி, இவ்வளவு தூரம் ஏன் வாறியள்? அந்தக் கடை இப்ப வேற ஆக்களின்ரை. அவன் எப்பவோ போயிட்டான்."

"தெரியும்," என்றார்.

பஸ் வந்தது.